படிப்பு, வேலை, விருப்பப் பணி: அந்தமான் தமிழ் மாணவரின் ஆங்கிலப் பேச்சில் மும்மொழி உறழ்வு

1. முன்னுரை

ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கென எழுதப்படும் நூல்களில் தொடக்கப் பாடங்களுள் ஒன்றாக இடம்பெறுவது, கற்போர் தம் படிப்பு, வேலை, எதிர்கால விருப்பம் ஆகியவற்றைப் பற்றி நிகழ்த்தும் உரையாடலாகும். ‘என்ன படிக்கிறாய்?’, ‘தந்தையார் என்ன வேலை பார்க்கிறார்?’, ‘என்ன ஆக விரும்புகிறாய்?’ என்னும் வினாக்கள் எளியனவாகவே தோன்றுகின்றன. ஆயினும், கல்லூரிச் சேர்க்கைக்கும் வேலைக்கும் உரிய நேர்காணல்கள் பல இவ்வினாக்களைக் கொண்டே தொடங்குகின்றன. எழுத்துத் தேர்வில் நேரும் பிழை மதிப்பெண்ணைக் குறைப்பதோடு நின்றுவிடும். நேர்காணலில் நேரும் பிழையோ பேசுவோரின் கருத்தையே மாற்றிக் காட்டக்கூடும்.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் தமிழ் மாணவருக்குத் தமிழ் வீட்டுமொழி; இந்தி ஊர்ப் பொதுமொழி; ஆங்கிலம் கல்விக்கும் பணிக்கும் உரிய மொழி. இம்மூன்று மொழிகளின் அமைப்பை மேற்கூறிய பேச்சுக்களத்தில் வைத்து உறழ்ந்து பார்த்து, ஆங்கிலம் கற்பதற்குத் தமிழ் எங்குத் துணை நிற்கிறது, இந்தி எங்குத் துணை நிற்கிறது, இரண்டும் சேர்ந்து எங்குத் தடையாகின்றன என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

2. தீவுகளின் மொழிச் சூழல்

1858இல் தண்டனைக் குடியேற்றம் அமைக்கப்பட்டது முதல் பல மொழி பேசுவோர் இத்தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களிடையே இந்துஸ்தானி பொதுமொழியாயிற்று. இன்றைய அந்தமான் இந்தி அதன் வழிவந்ததாகும். விடுதலைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்களும், தமிழகம், ஆந்திரம், கேரளம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்தோரும் குடியேறினர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழருள் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581 ஆகும். தாய்மொழி அடிப்படையில் வங்காளம் ஏறத்தாழ 28 விழுக்காடும், இந்தி 19 விழுக்காடும், தமிழ் 15 விழுக்காடும், தெலுங்கு 13 விழுக்காடும் பெற்றிருந்தன. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஐந்தில் ஒரு பங்கினருக்கும் குறைவு. எனினும் கடைத்தெருவிலும் படகுத்துறையிலும் விளையாட்டுத் திடலிலும் அதுவே பொதுமொழி. எனவே தமிழ்க் குழந்தை ஆங்கில வகுப்பில் நுழையும்போது ஏற்கெனவே இருமொழியாளராக இருக்கின்றது. தமிழகத்து மாணவரை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட பயிற்சி நூல்கள் இவருக்கு முழுமையாகப் பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

போர்ட் பிளேரில் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது) ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி 1967இல் தொடங்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி 2015இல்தான் வந்தது. உயர்கல்விக்காக ஏறத்தாழ 1,200 கி.மீ. கடல் கடந்து சென்னைக்கோ பிற நகரங்களுக்கோ செல்லும் மாணவர் பலர். தீவில் பேச்சுமொழியாக இந்தி போதுமானதாக இருந்தாலும், ‘மெயின்லேண்ட்’ என அவர்கள் குறிப்பிடும் பெருநிலத்தில் நேர்காணலை ஆங்கிலத்திலேயே எதிர்கொள்ள வேண்டியுள்ளது.

3. கோட்பாட்டுப் பின்னணி

முதல்மொழிக்கும் இலக்கு மொழிக்கும் உள்ள வேறுபாடுகளே கற்றல் இடர்ப்பாட்டுக்குக் காரணம் என்னும் கருத்தை இராபர்ட் லாடோ 1957இல் வெளியிட்ட நூல் பரப்பியது. பிழை என்பது கற்போர் தமக்குள் அமைத்துக்கொள்ளும் விதிகளுக்குச் சான்று எனப் பிட் கார்டர் 1967இல் விளக்கினார். அவ்விதித் தொகுதிக்கு இடைமொழி எனும் பொருள்படும் பெயரை லாரி செலிங்கர் 1972இல் நிலைநிறுத்தினார். இவை பெரும்பாலும் இருமொழிச் சூழலை முன்வைத்தவை. மூன்றாம் மொழி கற்போர் தாய்மொழியைவிட இரண்டாம் மொழியின் தொடரமைப்பையே மிகுதியாகக் கடன்கொள்ளக்கூடும் எனப் பார்டெலும் ஃபால்க்கும் 2007இல் வாதிட்டனர். இக்கருத்து அந்தமான் சூழலுக்கு நேரடியாகப் பொருந்தக்கூடியது. ஆங்கிலம் பேச முயலும் தமிழ் மாணவர் எந்த மொழியிலிருந்து கடன் கொள்கிறார் என்று அறியாமல் பிழையைத் திருத்த இயலாது.

4. இந்தி துணைபுரியும் இடங்கள்

4.1 ஒலிப்புடை ஒலிகள்: தமிழ் எழுத்து ஒலிப்புடை ஒலியையும் ஒலிப்பிலா ஒலியையும் வேறுபடுத்துவதில்லை. குறிக்கோளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் நிலக்கரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் ‘கோல்’ என ஒரே வடிவில்தான் எழுதமுடியும். இந்தியில் இவ்வேறுபாடு பொருள் வேறுபாடு தருவதாகும். நாள்தோறும் இந்தி பேசும் தீவு மாணவருக்கு இவ்வேறுபாட்டைக் கேட்டுணரும் பயிற்சி முன்பே வாய்த்துள்ளது.

4.2 இணைப்பு வினை: ‘என் தந்தை மீனவர்’ என்பது தமிழில் முழுத்தொடர். இதனை அடியொற்றினால் ‘மை ஃபாதர் ஃபிஷர்மேன்’ என்னும் குறைத்தொடர் பிறக்கும். இந்தியில் ‘மேரே பிதா மச்சுவாரே ஹைன்’ என இணைப்பு வினை வருதல் வேண்டும். ஆங்கிலத்தின் ‘ஈஸ்’ அவ்விடத்தை நிரப்புவது. எனினும் ‘எ’ என்னும் சுட்டிடைச்சொல்லுக்கு இந்தியிலும் இணையில்லை; அதனைத் தனியே பயிற்றுவித்தல் வேண்டும்.

4.3 வேலையும் பதவியும்: ஆங்கிலத்தில் ‘ஒர்க்’ எண்ணிக்கைக்கு உட்படாதது; ‘ஜாப்’ எண்ணத்தக்கது. தமிழில் ‘வேலை’ இரண்டையும் தழுவுவதால் ‘ஐ காட் எ ஒர்க்’ என்னும் தொடர் எளிதில் வந்துவிடுகின்றது. இந்தி, செயலை ‘காம்’ என்றும் சம்பளப் பதவியை ‘நௌக்ரி’ என்றும் பெரும்பாலும் பிரித்துச் சொல்லும். இப்பாகுபாட்டை ஆசிரியர் நினைவூட்டினால் ஆங்கிலப் பாகுபாடு விளங்கிவிடும்.

5. இருமொழியும் சேர்ந்து தடையாகும் இடங்கள்

5.1 விருப்பமும் கட்டாயமும்: ‘நான் டாக்டராக வேண்டும்’ என்னும் தொடர் பேசுவோரின் ஆசையையும் உணர்த்தும், பிறர் விதித்த கடமையையும் உணர்த்தும். இந்தியில் ‘முஜே டாக்டர் பன்னா ஹை’ என்பதும் அவ்வாறே இருபொருள் தருவது. ஆங்கிலமோ ‘வான்ட் டு’ என்பதையும் ‘ஹாவ் டு’ என்பதையும் கண்டிப்பாகப் பிரிக்கின்றது. இரு மொழிகளும் ஒத்துநிற்பதால் மாணவர் ‘ஐ ஹாவ் டு பிகம் எ டாக்டர்’ என்று தயக்கமின்றிக் கூறக்கூடும். இலக்கணப்படி அத்தொடரில் பிழையில்லை. ஆதலால் எவரும் திருத்துவதில்லை. ஆனால் கேட்கும் நேர்காணலாளர், குடும்பத்தின் வற்புறுத்தலால் வந்தவர் எனப் பொருள் கொள்வர். பிழையெனத் தோன்றாத இப்பிழையே இப்பேச்சுக்களத்தில் மிகுந்த இழப்பைத் தருவதாகும்.

5.2 எதிர்மறை வினா: ‘நீ வேலைக்குச் செல்லவில்லையா?’ என்பதற்கு ‘ஆமாம், செல்லவில்லை’ என்பது தமிழ் மரபு. வினாவில் உள்ள கூற்றை ‘ஆமாம்’ உடன்படுகின்றது. இந்தியிலும் ‘ஹாங்’ அவ்வாறு வரும். ஆங்கிலத்தில் விடைத்தொடர் எதிர்மறையாயின் ‘நோ’ என்றே தொடங்குதல் வேண்டும். ‘யெஸ்’ என்று மட்டும் கூறி நிறுத்தும் மாணவர், தாம் வேலைக்குச் செல்வதாகவே பொருள்படப் பேசிவிடுகின்றார்.

6. தமிழே துணைபுரியும் இடங்கள்

6.1 கால அளவு: ‘அண்ணன் ஐந்து ஆண்டுகளாகத் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார்’ என்பதில் ‘ஆக’ என்பது கால நீட்சியைக் காட்டுகின்றது. ‘2019 முதல் வேலை பார்க்கிறார்’ என்பதில் ‘முதல்’ தொடக்கப் புள்ளியைக் காட்டுகின்றது. இந்தி இரண்டிற்கும் ‘ஸே’ என்னும் ஒரே உருபை வழங்கும். இந்திய ஆங்கிலத்தில் பரவலாக வழங்கும் ‘ஈஸ் ஒர்க்கிங் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்னும் அமைப்போடு இது பொருந்தி வருகின்றது. தமிழ் மாணவருக்கு இங்குக் கைகொடுப்பது தாய்மொழியே. ‘ஆக’ வருமிடத்தில் ‘ஃபார்’, ‘முதல்’ அல்லது ‘இலிருந்து’ வருமிடத்தில் ‘சின்ஸ்’ என ஒரே வரியில் விதி கூறிவிடலாம். வினைமுற்று மட்டும் ‘ஹாஸ் பீன் ஒர்க்கிங்’ என மாற வேண்டும். தமிழும் இந்தியும் நிகழ்காலத்தாலேயே இதனை உணர்த்துவதால் இது தனிப்பயிற்சிக்கு உரியது.

6.2 பால் காட்டும் பெயர்கள்: இந்தியின் படர்க்கை ஒருமைச் சுட்டுப்பெயர் ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டுவதில்லை; வினையே காட்டும். தமிழின் அவன், அவள், அது என்னும் பாகுபாடு ஆங்கிலத்தின் ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’ என்பவற்றோடு நெருங்கி நிற்கின்றது. ஆயின் பெற்றோரின் வேலையைப் பற்றிப் பேசும்போது மரியாதை கருதி வரும் ‘அவர்’ இப்பாகுபாட்டை மறைத்துவிடுகின்றது. தாயைப் பற்றிப் பேசுகையில் ‘ஹி’ என நழுவுவதற்கு அறியாமையன்று, மரியாதை மரபே காரணமாகலாம். இதனை உணர்ந்த ஆசிரியர் மாணவரை நகையாடமாட்டார்.

7. மொழிபெயர்ப்பாளர் நோக்கில்

பயிற்சி உரையாடல்களைத் தமிழாக்குவோர்க்கு இக்களத்துச் சொற்கள் இடர் தருவன. ஆங்கிலத்தின் ‘ஸ்டடி’, ‘ரீட்’ ஆகிய இரண்டுக்கும் ‘படி’ என்பதே வழக்கு. ‘பயில்’ என்பது எழுத்து நடைக்கு உரியது. ‘கரியர்’ என்பதற்கு ஒருசொல் நிகரன் பொருந்துவதில்லை. இடம் நோக்கித் தொழில், பணிவாழ்க்கை, எதிர்காலம் என வேறுவேறாகப் பெயர்த்தலே தகும்.

‘ட்ரீம் ஜாப்’ என்பதற்கு இன்று வழங்கும் ‘கனவு வேலை’ ஆங்கிலத்தை அடியொற்றிய ஆக்கமாகும். தமிழில் கனவு என்பது உறக்கத்தில் தோன்றுவதையும் கைகூடாத எண்ணத்தையும் குறித்து வந்தது. ‘கனவு காணாதே’ என்பது இன்றும் எச்சரிக்கையாகவே ஒலிக்கின்றது. கனவு என்பது எட்டவேண்டிய இலக்கு என்னும் பொருள் மாணவரிடையே பரவியதில் அப்துல் கலாமின் உரைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. இரு பொருளும் அருகருகே வாழும் நிலையில், மூத்த தலைமுறை பேசும் இடத்தில் ‘ஆசைப்பட்ட வேலை’ என்பதும், இளைஞர் பேசும் இடத்தில் ‘கனவு வேலை’ என்பதும் இயல்பாக அமையும்.

8. பயிற்சி முறை

பெங்களூர், சென்னைப் பகுதிப் பள்ளிகளில் 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு நடத்திய திட்டத்தில், இலக்கண விதிகளை முற்படக் கூறாமல் கால அட்டவணை, நிலப்படம் போன்றவற்றை வைத்துச் சிக்கலைத் தீர்க்கும் செயற்பாடுகள் வாயிலாக ஆங்கிலம் பயிற்றப்பட்டது. தீவு வகுப்பறைக்கு இதனைத் தகவமைத்துக்கொள்ளலாம். சென்னைக்குச் செல்லும் கப்பலின் நாள்களையும் கல்லூரிச் சேர்க்கை நாள்களையும் தந்து, எப்போது புறப்பட வேண்டும் என இருவர் கலந்து முடிவு செய்யலாம். ‘ஹாவ் டு’ அங்கே இயல்பாக வரும். பின்னர், எதைப் படிக்க விருப்பம் என வினவினால் ‘வான்ட் டு’ வரும். ஒரே அமர்வில் இரண்டும் எதிரெதிர் நிற்பதால் வேறுபாடு மனத்தில் பதியும். மனப்பாடம் செய்த தன்னறிமுகம் இப்பயனைத் தராது. துணை வினாவொன்று எழுந்தவுடன் அது முறிந்துவிடும்.

9. முடிவுரை

ஆங்கிலப் பேச்சு வளர வேண்டுமெனில் வகுப்பில் தமிழை விலக்க வேண்டும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. மேற்கண்ட உறழ்வு அதற்குச் சான்று தரவில்லை. ஒலிப்பிலும் இணைப்பு வினையிலும் இந்தி உதவுகின்றது. கால அளவிலும் பால் பாகுபாட்டிலும் தமிழ் உதவுகின்றது. விருப்பத்தையும் கட்டாயத்தையும் பிரிப்பதில் இரண்டும் உதவுவதில்லை. அவ்விடத்திற்கே பயிற்சியின் பெரும்பகுதி ஒதுக்கப்பட வேண்டும். தாம் விரும்பிய ஒன்றைக் கட்டாயமெனக் கேட்போர் கொள்ளாவண்ணம் பேசும் ஆற்றலைத் தீவின் மாணவர் பெறுவதே இப்பயிற்சியின் முதற்பயனாகும்.