சிறுநீரில் நுரை காண்கிறதா? சிறுநீரக வடிகட்டிச் செல்களும் அவற்றைத் தாக்கும் நோய்களும்

காலையில் எழுந்ததும் கண் இமைகள் வீங்கியிருத்தல், மாலையில் கணுக்காலில் வீக்கம் காணுதல், கழித்த சிறுநீரில் நுரை நெடுநேரம் கலையாதிருத்தல் ஆகியவை சிறுநீரகத்தின் வடிகட்டியில் கசிவு ஏற்பட்டிருப்பதன் அடையாளங்களாக இருக்கலாம். பெரும்பாலும் வலி இராது. அதனாலேயே "நீர் கோத்திருக்கிறது, தானே வடிந்துவிடும்" என்று பலர் மாதக்கணக்கில் காலம் தாழ்த்திவிடுகின்றனர்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டும் அலகுகள் உள்ளன. ஒவ்வோர் அலகின் தொடக்கத்திலும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பந்துபோல் சுருண்டிருக்கும். இம்முடிச்சுக்குக் குளோமருலஸ் என்று பெயர். இக்குழாய்களின் வெளிப்புறத்தைப் போடோசைட் என்னும் செல்கள் போர்த்தியுள்ளன. பாதங்களைப் போன்ற கிளைகளை உடையவை என்பதால் இப்பெயர் ஏற்பட்டது. இரு கைவிரல்களையும் கோத்து வைத்தாற்போல அடுத்தடுத்த செல்களின் கிளைகள் ஒன்றோடொன்று கோத்திருக்க, இடையிலுள்ள மிகக் குறுகிய சந்துகளில் நெஃப்ரின் முதலிய புரதங்களாலான மென்படலம் அமைந்துள்ளது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மம் இவ்வழியே வடிகிறது. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. எஞ்சியது உடலுக்கே திரும்புகிறது. ஆல்புமின் என்னும் புரதம் இரத்தத்திலேயே தங்கிவிட வேண்டும். படலம் சிதைந்தால் அப்புரதம் சிறுநீரில் வெளியேறுகிறது. உடலில் வீக்கம் தோன்றுகிறது.

முதிர்ந்த போடோசைட் செல்கள் பெருகிப் புதுப்பித்துக்கொள்ளும் திறன் மிகவும் குறைந்தவை. இழந்தவற்றை ஈடுசெய்வது கடினம் என்பதே விரைந்து கண்டறிய வேண்டியதன் காரணம்.

ஆராய்ச்சி கூறுவது

பிறவியிலேயே கடும் புரதக் கசிவுடன் பிறக்கும் குழந்தைகளை ஆராய்ந்த கார்ல் டிரிக்வசன் குழுவினர், 1998இல் நெஃப்ரின் புரதத்துக்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். பெரியவர்களைத் தாக்கும் மெம்பிரனஸ் நெஃப்ரோபதி நோயில், உடலின் எதிர்ப்பாற்றலே போடோசைட் செல்களின் மீதுள்ள ஒரு புரதத்தைத் தாக்குவதை 2009இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் காட்டினர். அதற்கான இரத்தப் பரிசோதனை இன்று பயன்பாட்டில் உள்ளது.

நம் மாநிலத்து ஆய்வொன்றை இங்குச் சற்று விரிவாகவே குறிப்பிட வேண்டும். 2022இல் வெளியான அந்த ஆய்வில், மெம்பிரனஸ் நோயின் நெல்-1 என்னும் வகைக்கும் பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளுக்கும் உள்ள தொடர்பு சுட்டிக்காட்டப்பட்டது. அம்மருந்துகளை நிறுத்தியபின் பலருக்குப் புரதக் கசிவு குறைந்தது. கேரளத்தின் கோட்டக்கல்லிலும் இதே வகை நோய் கண்டறியப்பட்டது. அங்கு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்பிரனஸ் நோய் உறுதியான 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 வகை இருந்தது. அவர்களுள் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் கிரீம்களைப் பூசி வந்தவர்கள். சித்த மருந்துகள் யாவும் தீங்கானவை என்பது இதன் பொருளன்று. பதிவு பெற்ற சித்த மருத்துவர் எழுதித் தராத செந்தூரம், பற்பம், சூரணங்களையும், தயாரிப்பு விவரம் அச்சிடப்படாத கிரீம்களையும் தவிர்க்க வேண்டும். பயன்படுத்தியிருப்பின் மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் அவற்றை எடுத்துச் சென்று காட்டவும். யாரும் தங்களைக் கடிந்துகொள்ளப் போவதில்லை. காரணம் தெரிந்தால் வலுவான மருந்துகளின் தேவையே குறையக்கூடும்.

பெரியகுளம் பகுதியினர் செய்ய வேண்டியது

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெரியகுளம் அரசு மருத்துவமனையிலோ முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளவும். இரத்தத்தில் கிரியாட்டினின் சரியாக இருக்கிறதென்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். தொடக்கத்தில் அது இயல்பாகவே இருக்கும், புரதம் மட்டும் கசியும். பெரியவர்களிடம் நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் வெளியேறுவது கடும் கசிவாகும். தேவையெனில் மருத்துவர் தங்களைக் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ பரிந்துரைப்பார்.

அங்குத் திசுப் பரிசோதனை செய்யலாம் என்று கூறினால் அச்சம் எழுவது இயல்பு. ஊசி மூலம் நூலிழை போன்ற சிறு துணுக்கு மட்டுமே எடுக்கப்படுகிறது. அவ்விடத்தை மரத்துப்போகச் செய்தபின், ஸ்கேன் உதவியுடன் இது நடைபெறும். இரத்தக் கசிவு ஏற்படலாம் என்பதால் பல மணி நேரம் படுக்கையில் இருக்க வேண்டும். ஒரே வீக்கத்துக்குப் பின்னால் வெவ்வேறு நோய்கள் இருப்பதால், பெரியவர்களுக்கு இப்பரிசோதனையே பெரும்பாலும் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. ஒன்று முதல் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பொதுவாக இது முதலிலேயே தேவைப்படாது. பெரும்பாலோர்க்கு ஸ்டீராய்டு மருந்திலேயே கசிவு நின்றுவிடும்.

ஆயினும் அந்நோய் திரும்பத் திரும்ப வரும் இயல்புடையது. வீக்கம் வடிந்ததும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது ஆபத்தானது. மருத்துவர் கூறியபடி படிப்படியாகவே குறைக்க வேண்டும். எனலாப்ரில், லோசார்டன் போன்றவை இரத்த அழுத்தம் இல்லாதவர்களுக்கும் புரதக் கசிவைக் குறைக்கவே தரப்படுகின்றன. "எனக்கு பிரஷர் இல்லையே" என்று அவற்றைக் கைவிட வேண்டாம். கருவுற்றிருப்போரும் கருவுற விரும்புவோரும் மட்டும் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் கடையில் தாமாக வாங்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கேடு விளைவிக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உப்பு மிகுதி.

குழந்தையைப் பராமரிப்போர், சிறுநீர்ப் பட்டையால் காலைச் சிறுநீரைப் பரிசோதித்து, முடிவையும் உடல் எடையையும் ஒரு நோட்டில் குறித்து வரலாம். தொடர்ந்து மூன்று நாட்கள் புரதம் மிகுந்து காணப்பட்டால் வீக்கம் தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம். காய்ச்சலுடன் வயிற்றுவலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வலியுடன் வீக்கம், சிறுநீர் வெகுவாகக் குறைதல் ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவும். அவசரமெனில் 108ஐ அழைக்கவும்.