சொல்லுக்குச் சொல் – 14: பழைய சொல் எங்கே போனது?

1066-ல் நார்மன் படை இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்து குவிந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அப்படி ஒரு புதுச் சொல் குடியேறியபோது, அதே பொருளை அதுவரை சொல்லிக்கொண்டிருந்த பழைய சொல் என்ன ஆனது? பல வழக்கொழிந்தன. பிழைத்தவற்றின் கதைதான் நமக்கு வேண்டியது. ‘ஸ்டார்வ்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் சாவது என்றே பொருள். நோயில் செத்தாலும் போரில் செத்தாலும் அதே சொல்தான். வைக்கிங்குகளின் நார்ஸ் மொழித் தொடர்பால் ‘டை’ வேரூன்றியதும் ‘ஸ்டார்வ்’ மெல்ல மெல்லப் பட்டினிச் சாவுக்குள் ஒடுங்கியது. இங்கிலாந்தின் வடபகுதிப் பேச்சில் மட்டும் குளிரில் விறைப்பதற்கும் அதைச் சொல்வதுண்டு. ‘டீர்’ ஒரு காலத்தில் எந்த விலங்கையும் குறித்தது; அதன் உறவுச் சொல் ஜெர்மன் மொழியில் இன்றும் விலங்கு என்றே பொருள்படுகிறது. ஆங்கிலத்தில் பிரெஞ்சு வழியாக ‘பீஸ்ட்’டும், பின்னால் லத்தீன் ‘அனிமல்’லும் வந்தன, ‘டீர்’ மானோடு நின்றுபோனது. அரசனின் அரியணையையும் குறித்து வந்த ‘ஸ்டூல்’, ‘சேர்’ வந்தபின் சாய்மானம் இல்லாத சிறிய இருக்கையாயிற்று.

இவற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு இது: ஒரே வேலைக்கு இரண்டு சொற்களை ஒரு மொழி நெடுங்காலம் சும்மா வைத்துக்கொள்வதில்லை. ஒன்று மறையும், அல்லது இரண்டும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஆகவே நாம் ‘சினானிம்’ என்று மனப்பாடம் செய்யும் சொற்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள் அல்லர். ‘பிக்’, ‘லார்ஜ்’ இரண்டுக்கும் பெரிய என்று எழுதிவைத்துக்கொள்கிறோம். ‘பிக் பிரதர்’ என்றால் அண்ணன். ‘லார்ஜ் பிரதர்’ என்றால் உடல் பருத்த சகோதரன். தன் அண்ணனைப் பற்றி ஆசையோடு கட்டுரை எழுதும் மாணவன், பட்டியலை நம்பிச் சொல்லை மாற்றினால், தான் அண்ணனின் உடம்பைப் பற்றி எழுதிவிட்டோம் என்பதே அவனுக்குத் தெரியாது.

எல்லாச் சொற்களும் இப்படியா என்று கேட்கலாம். ‘ஆல்மோஸ்ட்’, ‘நியர்லி’ இரண்டும் கிட்டத்தட்ட என்ற பொருள்தானே, இவற்றுக்குள் என்ன வேறுபாடு? பொருளில் தேடினால் கிடைப்பது கடினம். அவை சேரும் சொற்களில் தேடினால் கிடைக்கும். ‘வெரி நியர்லி’ என்பார்கள், ‘வெரி ஆல்மோஸ்ட்’ என்று சொல்வதில்லை. ‘ஆல்மோஸ்ட் நத்திங்’ இயல்பாக வரும், ‘நியர்லி நத்திங்’ காதில் இடறும். இதைவிட வலுவான மறுப்பு தாவரப் பெயர்களில் இருக்கிறது. பிரிட்டனின் தரிசு நிலங்களில் மஞ்சளாகப் பூக்கும் ஒரு முட்புதருக்கு ‘கோர்ஸ்’ என்றும் பெயர், ‘ஃபர்ஸ்’ என்றும் பெயர். செடி ஒன்றேதான், ஐயமில்லை. ஆனால் ஊருக்கு ஊர் மாறும் பெயர்கள் அவை. வெவ்வேறு வட்டாரங்களில் தனித்தனியே வாழ்வதால்தான் இரண்டும் மோதாமல் தப்பித்தன என்று நான் கருதுகிறேன்.

எதிர்ச்சொல்லுக்கு வந்தால் சிக்கல் இன்னும் ஆழமானது. எதிர்ச்சொல் என்பது சொல்லுக்கு வாய்ப்பதில்லை, அந்த இடத்தில் அந்தச் சொல் தரும் பொருளுக்கு வாய்ப்பது. இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. ராயல் சொசைட்டியின் செயலராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்த மருத்துவர் பீட்டர் மார்க் ரோஜெட், 1852-ல் தம் ‘தெசாரஸ்’ நூலை வெளியிட்டபோது எதிரெதிர்க் கருத்துகளைப் பக்கத்தில் இரு பத்திகளாக நிறுத்தினார். அப்படி நிறுத்தியவரே முன்னுரையில் எச்சரிக்கவும் செய்தார். ‘ஓல்ட்’ என்பதற்கு உயிரற்ற பொருளைச் சொல்லும்போது ‘நியூ’ எதிர், உயிரைச் சொல்லும்போது ‘யங்’ எதிர். ‘கிவிங்’ என்பதற்கு எதிரே பெறுவதும் நிற்கும், எடுத்துக்கொள்வதும் நிற்கும். ‘ட்ரூத்’ என்பதைப் பொதுவான உண்மையாகக் கொண்டால் அதற்கு எதிர் பிழை. ஒருவர் இன்னொருவரிடம் சொல்லும் உண்மையாகக் கொண்டால் எதிர் பொய். சில இணைகளுக்கு நடுவில் மூன்றாவது ஒன்றும் உண்டு என்றார்: தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே நடு, இறந்தகாலத்துக்கும் எதிர்காலத்துக்கும் இடையே நிகழ்காலம். ஒத்த சொல் அகராதிகளின் முன்னோடி என்று உலகமே கொண்டாடும் நூலின் வாசலிலேயே, ஒரு சொல்லுக்கு ஓர் எதிர் என்ற கணக்கு செல்லாது என்று எழுதியிருக்கிறது. நம்மவர்கள் பெருமைப்படவும் இடமுண்டு: பொருள்வழியாகச் சொற்களைத் தொகுத்த பழைய நூல் என்று அவர் அதே முன்னுரையில் குறிப்பிடுவது, கோல்புரூக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 1808-ல் செராம்பூரில் அச்சான அமரகோசத்தை.

பிறகு ஏன் வகுப்பில் பட்டியலையே மனப்பாடம் செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் ஆசிரியர்கள் சொல்லும் பதில் எனக்குப் புரிகிறது. நிறைந்த வகுப்பு, முடிக்க வேண்டிய பாடம், நெருங்கும் பொதுத்தேர்வு. ஒவ்வொரு சொல்லின் வரலாற்றையும் சொல்ல நேரம் ஏது? பட்டியலாவது மனப்பாடமானால் படிக்கும்போது பொருளாவது பிடிபடும் அல்லவா? பிடிபடும். படிப்பதற்குப் பட்டியல் உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ‘ஸ்லிம்’, ‘தின்’, ‘ஸ்கின்னி’ மூன்றுக்கும் ஒல்லி என்று தெரிந்தால் கதை ஓடும். எழுதும்போதுதான் அது கைவிடும். முதலாவது பாராட்டு, மூன்றாவது மனதைப் புண்படுத்தக்கூடியது. இத்தனைக்கும் பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாள் ஒத்த சொல்லையும் எதிர்ச்சொல்லையும் வாக்கியத்தில் வைத்தே கேட்கிறது. அந்த வாக்கியத்தை உரித்துவிட்டு, சொல்லையும் விடையையும் மட்டும் இரண்டு கட்டங்களில் அச்சிடுவது கடைகளில் விற்கும் கைடுகள்தாம். வாக்கியத்தைத் திருப்பிச் சேர்க்க வரலாற்றுப் பாடம் தேவையில்லை, கூடுதலாக ஒரு வரி போதும். ‘ஷார்ட்’ என்று எழுதி அதன் பக்கத்தில் ஒரு மனிதரையும் ஒரு கயிற்றையும் சொல்லிவிட்டால், ஒருவருக்கு ‘டால்’ எதிர், மற்றதற்கு ‘லாங்’ எதிர் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.