நொடிக்கு எத்தனை பிரேம்?

மனிதக் கண்ணுக்கு நொடிக்கு 24 பிரேமுக்கு மேல் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. தியேட்டரில் ஆபரேட்டராகப் படம் ஓட்டியவன் நான். அந்த 24, கண்ணை அளந்து வைத்த கணக்கே இல்லை. ஊமைப்பட காலத்தில் 16-லும் ஓட்டினார்கள், 20-க்கு மேலும் ஓட்டினார்கள். 1920-களின் கடைசியில் பிலிமின் ஓரத்தில் ஒலியும் ஏறியது. வேகம் ஏறி இறங்கினால் பாட்டு இழுக்கும். வேகம் குறைந்தால் ஒலி தெளிவாக வராது. கூட்டினால் பிலிம் செலவு. எல்லாம் பார்த்துத்தான் 24-இல் நிறுத்தினார்கள். நிமிடத்துக்கு 90 அடி.

அந்த 24-ஐ அப்படியே காட்டினால் திரை படபடவென்று துடிக்கும், உட்கார்ந்து பார்க்க முடியாது. புரொஜெக்டருக்குள் பிலிம் ஒரே சீராக ஓடுவதில்லை. மால்டீஸ் கிராஸ் என்ற சிலுவை வடிவச் சக்கரம் ஒரு பிரேமை இழுத்து நிறுத்தும், பிறகு அடுத்ததை இழுக்கும். இழுக்கிற நேரத்தில் ஷட்டரின் இலை வெளிச்சத்தை மறைக்கும். இது இம்மி பிசகினாலும் டைட்டிலின் வெள்ளை எழுத்துகளுக்கு வால் முளைத்துவிடும். என் கண் முதலில் போவது அங்கேதான். ஷட்டரில் இன்னோர் இலையும் உண்டு. பிரேம் அசையாமல் நிற்கும்போதே அது ஒருமுறை குறுக்கே வந்து போகும். ஆக, ஒரே பிரேம் இரண்டு முறை திரையில் விழும். நொடிக்கு 48 முறை வெளிச்சம். மூன்று இலை ஷட்டர் என்றால் 72. மூன்று மணி நேரப் படத்தில் ஏறக்குறைய பாதி நேரம் திரை இருட்டாகவே இருந்தது. ஜனங்கள் அதைப் பார்க்கவே இல்லை.

திரை வெளிச்சம் மங்கலாக இருப்பதால்தான் 48 போதுமானது. வெளிச்சம் கூடக்கூடக் கண் துடிப்பைப் பிடித்துவிடும். கடைக்கண் இதில் இன்னும் கெட்டி. பழைய பெட்டி மானிட்டர் 60-இல் ஓடும்போது, நேராகப் பார்த்தால் அமைதியாக இருக்கும், ஓரப்பார்வையில் நடுங்கும்.

கண் கேமரா மாதிரி படம் படமாக எடுப்பதில்லை. வெளிச்சம் இடைவிடாமல் விழுகிறது, நரம்புகள் இடைவிடாமல் வேலை செய்கின்றன. அதனால் எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், கூர்மையான விளிம்புள்ள படத்தை மாற்றி மாற்றிக் காட்டியபோது, 500 ஹெர்ட்ஸிலும் துடிப்பைக் கண்டுபிடித்தார்கள். கண் ஓயாமல் அசைவதுதான் காரணம். இரவில் பஸ்ஸில் போகும்போது, முன்னால் போகும் கார்களின் எல்.இ.டி. பின்விளக்கைத் தாண்டிப் பார்வையைச் சட்டென்று திருப்புங்கள். சில கார்களில் ஒரே விளக்கு, சிவப்புப் புள்ளிகளின் வரிசையாகச் சிதறும்.

120 ஹெர்ட்ஸ் போன் வெறும் விளம்பரமா என்று கேட்கிறார்கள். இல்லை. எழுத்தைத் தள்ளிப் படிக்கும்போதே வித்தியாசம் தெரியும். என் தொழிலுக்கும் அது நல்லதுதான்: 60-இல் ஒரு சினிமா பிரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று படம் நொண்டும், 120-இல் ஒவ்வொரு பிரேமுக்கும் சரியாக ஐந்து.