காரின் அடியில் ஒரு ஜாகுவார்!

அமெரிக்காவில் பழைய மோட்டார் கார்மீது பித்துப் பிடித்தவர்கள் ஏராளம். 1932-ம் ஆண்டு போர்டு கார் ஒன்றைத் தேடிப் பிடிப்பார்கள். அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பெரிய எஞ்சினை வைப்பார்கள். பளபளவென்று வர்ணம் பூசுவார்கள். இப்படி உருமாறிய காருக்கு "ஹாட் ராடு" என்று பெயர்.

இந்தக் கார்களின் கண்காட்சியில் ஒரு வேடிக்கை நடக்கும். வருகிறவர்கள் காரின் பின்னால் போய்க் குனிந்து, அடியில் எட்டிப் பார்ப்பார்கள். அங்கே என்ன இருக்கிறது?

சில கார்களில், இங்கிலாந்து நாட்டு ஜாகுவார் காரின் பின்பாகம் இருக்கும்!

மாட்டு வண்டி அச்சு

பழைய போர்டு காரின் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பூட்டப்பட்டவை. மாட்டு வண்டியைப் போலத்தான். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சாயும். அச்சுக்கு மேலே, குறுக்கே ஒரே ஒரு பட்டை வில். பலமான எஞ்சினை வைத்து, மேடு பள்ளத்தில் வேகமாகப் போனால் கார் துள்ளும்.

1961-ம் ஆண்டு ஜாகுவார் கம்பெனி "இ டைப்" என்ற காரை வெளியிட்டது. அதில் ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். ஒன்று பள்ளத்தில் விழுந்தாலும் மற்றது அசையாது. இந்த அமைப்பை உருவாக்கியவர் பாப் நைட் என்ற என்ஜினீயர். "ஒரு மாதத்தில் செய்து முடிக்க முடியாது" என்று முதலாளி சர் வில்லியம் லயன்ஸ் 5 பவுன் பந்தயம் கட்டினார் என்றும், நைட் 27 நாளில் முடித்துவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு.

இதே அமைப்பு 1968-ல் வந்த "எக்ஸ்.ஜே. 6" காரிலும் இருந்தது. அந்தக் கார்கள் பழசாகி உடைசல் கடைக்கு வந்தன. ஹாட் ராடு பிரியர்களுக்குக் கொண்டாட்டம்! சக்கரத்தின் 5 போல்ட்டுகள் அமைந்த வட்டம் 4¾ அங்குலம். அமெரிக்காவின் செவர்லே கார் பலவற்றிலும் அதே அளவுதான். ஆகவே ஊரில் கிடைக்கும் சக்கரமே பொருந்திவிட்டது.

ஒரு தண்டு, இரண்டு வேலை

நடுவில் டிபரன்ஷியல் என்னும் பல் சக்கரப் பெட்டி. அதன் இரு பக்கமும் இரண்டு அரைத் தண்டுகள். ஒவ்வொரு தண்டின் இரு முனையிலும், மெக்கானிக்குகள் "கிராஸ்" என்று சொல்லும் மூட்டு இருக்கும்.

இந்த அரைத் தண்டு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதோடு முடியவில்லை. சக்கரம் சாயாமல் மேலே பிடித்துக்கொள்ளும் கையும் அதுவேதான்! கீழே பிடிக்க வேறொரு கை உண்டு. மேலே வேறு எதுவும் கிடையாது. தேய்ந்த கிராஸ் ஓடும்போது உடைந்தால் கார் நிற்பதோடு போகாது. சக்கரமே பிடி இழந்து சாய்ந்துவிடும். பழைய காரிலிருந்து எடுத்த பாகத்தை அப்படியே பூட்டாமல், கிராஸ்களைப் புதிதாக மாற்றுவது இதனால்தான்.

ஜாகுவாரில் இவை எல்லாம் ஓர் இரும்புக் கூட்டுக்குள் இருந்தன. போர்டு காரின் குறுகிய அடிச்சட்டத்தில் அந்தக் கூடு அடங்காது. அதை நீக்கிவிட்டு, சட்டத்தின் குறுக்கே புதிய இரும்பை வெல்டிங் செய்து, பெட்டியை அதில் தொங்க விடுகிறார்கள். போல்ட்டுகள் கழன்று வராதபடி கம்பியால் கட்டுகிறார்கள். கீழ்க் கையிலிருந்து முன்னோக்கிச் சட்டத்துக்கு ஒரு கம்பியும் போக வேண்டும். அதை விட்டுவிட்டால், வேகம் எடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் சக்கரம் முன்னும் பின்னும் இழுபடும்.

பிரேக்குகள் சக்கரத்தில் இல்லை. பெட்டியை ஒட்டி இருக்கின்றன. அவற்றின் சூடு பெட்டியின் எண்ணெய் சீல்களைத் தாக்கும். எல்லாவற்றுக்கும் குரோமிய முலாம் பூசிவிட்டால் பார்க்க அழகுதான். பிரேக் கட்டை மாற்ற அடியில் படுப்பவனைக் கேட்டால் வேறு கதை சொல்வான்!

ஓர் அங்குலம்

இனி, எஞ்சின் பக்கத்திலிருந்து பின்பெட்டிக்கு வரும் நீளமான சுழல் தண்டு. பழைய போர்டில் இது ஒரு குழாய்க்குள் மறைந்திருந்தது. அது இங்கே உதவாது. புதிய தண்டு வேண்டும்.

கார் முழு எடையோடு தரையில் நிற்கும்போதுதான் அளவெடுக்க வேண்டும். தண்டின் முன்முனை கியர் பெட்டிக்குள் சறுக்கி நுழையும். முழுவதும் தள்ளி, பிறகு சுமார் ஓர் அங்குலம் வெளியே இழுத்து அளப்பார்கள். நீளம் கூடினால் தண்டு கியர் பெட்டியை இடிக்கும். மிகவும் குறைந்தால் கழன்றே விழும்.

கோணமும் முக்கியம். கிராஸ் சாய்ந்து சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். முன்கிராஸ் செய்யும் இந்தக் கோளாறைப் பின்கிராஸ் சரிக்கட்ட வேண்டும். அதற்கு இரண்டு சாய்வும் சமமாக இருக்க வேண்டும். 1 முதல் 3 டிகிரி போதும். சாய்வே இல்லாவிட்டாலும் தொல்லைதான். உள்ளே இருக்கும் ஊசி உருளைகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்திக் குழி விழும். புதிய அமைப்பில் பின்பெட்டி சட்டத்தோடு அசையாமல் நிற்பதால், ஒருமுறை வைத்த கோணம் பெரிதாக மாறாது.

மணிக்கு 60 மைல் வேகத்தில் இந்தத் தண்டு மிக வேகமாகச் சுற்றும். முன்கிராஸ் உடைந்தால் தண்டு சாலையில் குத்தி, காரையே தூக்கி எறியக்கூடும். அமெரிக்க டிராக் பந்தயங்களில், வேகமான கார்களின் தண்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் கட்டாயம். முன்கிராஸிலிருந்து 6 அங்குலத்துக்குள் அது இருக்க வேண்டும். பந்தயத்துக்கே போகாத ஹாட் ராடுகாரர்கள் பலரும் இந்த வளையத்தை மாட்டிவிட்டுத்தான் வண்டியைத் தெருவுக்கு எடுக்கிறார்கள்.