குருதிப் புரதம் மூளைக்குள் கசிந்தால் நடப்பது என்ன?

விரலில் வெட்டுப்பட்டால் சிறிது நேரத்தில் குருதி நிற்பது எப்படி? உங்களில் பலர் இவ்வினாவுக்குத் தடுமாறாமல் விடையெழுதுவீர்கள். ஈரல் உண்டாக்கும் பைபிரினோஜன் என்னும் புரதம் குருதித் திரவவிழையத்தில் கரைந்த நிலையில் உள்ளது. ஒரு லீற்றரில் ஏறத்தாழ 2 முதல் 4 கிராம் வரை இருக்கும். காயம் ஏற்பட்டதும் துரொம்பின் என்னும் நொதியம் அதனைக் கரையாத பைபிரின் நார்களாக மாற்றுகின்றது. அந்த நார்வலையில் குருதிக் கலங்கள் சிக்குவதால் கட்டி உண்டாகின்றது.

இதே பைபிரின் மூளை இழையத்துக்குள் போனால் என்ன செய்யும்? தெரிந்த பாடத்தோடு தெரியாத ஒன்றை இணைத்துக் கேட்பது பரீட்சகருக்குப் பிடித்தமான வேலை. ஆகவே இப்பகுதியை நிதானமாக வாசியுங்கள்.

மூளை நமது உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதமே. ஆனால் உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்குச் செல்கின்றது. எனவே மூளையெங்கும் மயிர்த்துளைக் கலன்கள் நெருக்கமாகப் பரந்துள்ளன. இக்கலன்களின் சுவர்க் கலங்கள் ஒன்றோடொன்று மிக இறுக்கமாகப் பொருந்தியிருக்கும். இதுவே குருதி - மூளைத் தடை எனப்படும். ஒட்சிசனும் குளுக்கோசும் இதனைக் கடந்து செல்லும். பைபிரினோஜன் போன்ற பெரிய புரதங்கள் கடப்பதில்லை. மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸ், அல்சைமர் முதலிய நோய்களில் இத்தடை பழுதடைகின்றது. அப்போது கசியும் பைபிரினோஜன் மூளைக்குள் பைபிரினாக மாறிப் படிகின்றது.

அப்படிவு நோயின் விளைவு மட்டுந்தானா, அல்லது நோயை வளர்க்கும் காரணமா? அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள கிளாட்ஸ்டோன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கிரேக்க நரம்பியல் விஞ்ஞானி கத்தெரினா அகாசோக்லு தமது ஆய்வுகளின் மையமாகக் கொண்டது இவ்வினாவையே.

மூளையில் மைக்ரோகிளியா என்னும் நிர்ப்பீடனக் கலங்கள் நிரந்தரமாகத் தங்கியுள்ளன. அவற்றின் மேற்பரப்பிலுள்ள வாங்கி ஒன்றுடன் பைபிரின் பிணைந்ததும் அவை தூண்டப்பட்டு அழற்சியை உண்டாக்குகின்றன. அவை வெளிவிடும் தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் சேர்வைகளால் நரம்புக் கலங்கள் சேதமடைகின்றன. 2019 இல் இவரது குழு வெளியிட்ட ஆய்வில், நோயற்ற சுண்டெலியின் மூளைக்குள் பைபிரினோஜனைச் செலுத்தியபோதே நரம்பிணைப்புக்குரிய நுண்முட்கள் அழிந்தன. அல்சைமர் நோயில் காணப்படும் அமிலொயிட் படிவு அங்கே இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

“அப்படியானால் பைபிரினை முற்றாக அகற்றிவிடலாமே” என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. அகற்றினால் காயத்தில் வழியும் குருதியை நிறுத்துவது யார்? கலைப் பட்டதாரியான எனக்கு, இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் துப்பறியும் கதை வாசிப்பது போலவே இருந்தது. ஒரே கோர்வையில் இரண்டு திறப்புகள் கிடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பைபிரின் மூலக்கூறில் குருதி உறைதலுக்கு உதவும் இடங்கள் வேறு, மைக்ரோகிளியாவைத் தூண்டும் இடம் வேறு. இரண்டாவது இடம் மட்டும் மாற்றப்பட்ட சுண்டெலிகளில் குருதி வழமைபோல் உறைந்தது. மூளை அழற்சியோ குறைந்தது. அதே இடத்தை மறைக்கும் 5பி8 என்னும் பிறபொருளெதிரியை 2018 இல் இக்குழு அறிவித்தது. சுண்டெலிகளில் அது உறைதலைக் குழப்பாமல் அழற்சியைத் தணித்தது. கொவிட்-19 வைரசின் முட்புரதமும் பைபிரினுடன் பிணைந்து அழற்சியைப் பெருக்குகின்றது என 2024 இல் வெளியான ஆய்வு காட்டியது.

விடையெழுதும்போது ஒன்றை மறவாதீர்கள். மேற்கூறிய பரிசோதனை முடிவுகள் சுண்டெலிகளிற் பெறப்பட்டவை. “அல்சைமருக்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டது” என்று எழுதினால் புள்ளி போய்விடும். மனிதருக்கேற்ப மாற்றியமைத்த பிறபொருளெதிரி பாதுகாப்பானதா என்று பார்க்கும் முதற்கட்டச் சோதனை தொடங்கப்பட்டது. நோயைக் குணப்படுத்துமா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

பயிற்சி வினா: மூளை அழற்சியைத் தணிக்கும் பொருட்டுக் குருதி உறைதலையே முற்றாகத் தடுப்பது பொருத்தமற்றது. பைபிரின் மூலக்கூறின் இரு வேறு தொழில்களைக் குறிப்பிட்டு இக்கூற்றை விளக்குக.