பாத வெடிப்பும் யூரியா களிம்பும்

மருந்துச் சீட்டில் ‘யூரியா களிம்பு’ என்று எழுதித் தரும்போது, “வயலுக்கு இடும் உரத்தையா காலில் பூசுவது?” என்று எங்களிடம் கேட்போர் உண்டு. சிறுநீரக நோயாளர்களின் குடும்பத்தாரோ, “இரத்தத்தில் யூரியா கூடியிருக்கிறது என்கிறீர்களே, அதையே பூசலாமா?” என அஞ்சுகின்றனர். இரண்டும் நியாயமான கேள்விகளே.

யூரியா நம் உடலிலேயே உண்டாகும் பொருள். 1828-இல் ஜெர்மானிய வேதியியலாளர் பிரெடரிக் வோலர் இதனை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டினார். தோலின் மேலடுக்கில் இயற்கையாகவே இருந்து, நீரை ஈர்த்துப் பிடித்து வைக்கும் பொருள்களுள் இதுவும் ஒன்று. களிம்பில் சேர்வது மருந்துக்கெனத் தூய்மையாக்கப்பட்டது. உரக்கடை யூரியாவை ஒருபோதும் தோலில் பூசலாகாது. இரத்தத்தில் யூரியா கூடுவது சிறுநீரகம் அதனை வெளியேற்ற இயலாமையால்; பாதத்தில் பூசும் களிம்பால் அன்று.

நீரிழிவு நோயாளர்களுக்கு இக்களிம்பு ஏன் முக்கியம்? நெடுநாள் நீரிழிவால் கால் நரம்புகள் பாதிக்கப்படும்போது பாதத்தில் வியர்வை குறைகிறது. தோல் வறண்டு, குதிகால் வெடிக்கிறது. உணர்ச்சி மங்கிவிடுவதால் வலி தெரிவதில்லை. அவ்வெடிப்பின் வழியே கிருமிகள் நுழைந்தால் ஆறாத புண்ணாகவும் மாறக்கூடும்.

களிம்பின் செறிவு அறிந்து பயன்படுத்துதல் வேண்டும். 5 முதல் 10 சதவீதம் வரை உள்ளது தோலுக்கு ஈரம் தரும். 20 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளது தடித்த தோலை இளக்கி உரியச் செய்யும். 40 சதவீதக் களிம்பை மருத்துவர் கூறினாலன்றிப் பயன்படுத்தலாகாது.

பயன்படுத்தும் முறை:

• பாதங்களை இளஞ்சூட்டு நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரப்பசை முற்றிலும் காயுமுன் பூசுங்கள்.
• விரலிடுக்குகளில் பூசாதீர்கள். அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சைத் தொற்று வரும்.
• இரத்தம் கசியும் வெடிப்பிலும் திறந்த புண்ணிலும் பூசாதீர்கள், எரிச்சல் உண்டாகும்.
• பூசியவுடன் வெறுங்காலுடன் நடந்தால் வழுக்கும். பருத்திக் காலுறை அணியுங்கள்.
• குதிகால் தோலைப் பிளேடால் சீவாதீர்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். முதியோர் பலரால் குனிந்து தம் உள்ளங்காலைப் பார்க்க இயலாது. நாள்தோறும் இரவில் களிம்பு பூசிவிடும் அந்தச் சில நிமிடங்களில் பாதம் முழுவதையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு, துர்நாற்றம் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும், வலி இல்லையே என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.