பாடம் பள்ளியிலே, உப்பு டப்பா நம்ம கையிலே



"உப்பைக் குறைக்கணும், புகையிலை கூடாது, ஓடியாடி விளையாடணும், அப்பதான் இதயம் நல்லா இருக்கும்" என்று பள்ளியில் டீச்சர் சொல்லித் தருகிறார். பிள்ளையும் அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்தால் அதே குழம்பு, அதே ஊறுகாய், அதே அப்பளம். பிள்ளையா சமைக்கிறது? மளிகைச் சாமான் வாங்குவதும் அது இல்லையே. அப்புறம் அந்தப் பாடம் நோட்டோடு நின்றுபோகத்தானே செய்யும்?

நிற்காமல் இருக்க ஒரு வழியை வடசீனாவில் சாங்ஜி என்ற நகரத்தில் செய்து பார்த்தார்கள். 2011-ல் 28 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பருவம் முழுக்க உப்பைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். வீட்டுப்பாடம் என்ன தெரியுமா? வீட்டில் பெரியவர்களிடம் பேசி உப்பைக் குறைக்க வைக்க வேண்டும்! "குறைச்சுட்டோம்" என்ற வாய்ப்பேச்சை நம்பாமல், 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அளந்தார்கள். மற்றப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளோடு ஒப்பிட்டால், இந்த வீட்டுப் பெரியவர்கள் சாப்பிட்ட உப்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 கிராம் குறைந்திருந்தது. ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கியிருந்தது. நாம சொன்னா முறைக்கிற மாமியார்கூட, பேரப்பிள்ளை சொன்னா கேட்டுக்குவாங்க இல்லையா!

பிரஷர் வலிக்காது, காட்டிக்கொடுக்காது. வருஷக்கணக்கில் உள்ளேயே இருந்து ஒருநாள் மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ வரும். சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் நம் சேமிப்பும் கடனும் என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். பாஸ்புக் எழுதுகிற நமக்கு இது பெரிய கணக்கா? (ஊறுகாய் போட எடுத்ததைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். கடையில் வாங்கும் சிப்ஸ், மிக்சரில் உள்ள உப்பு இந்தக் கணக்கிலேயே வராது!) ஒரேயடியாகக் குறைத்தால் தட்டைத் தள்ளிவிடுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். உப்பு அயோடின் கலந்ததாகவே இருக்கட்டும். பிரஷர் மாத்திரையை மட்டும் நாமாக நிறுத்தக் கூடாது.

வீடு ஒரு பக்கம் என்றால், கூட்டாளிகள் இன்னொரு பக்கம். பீடியையும் பாக்குப் பொட்டலத்தையும் பிள்ளைக்குப் பழக்குவது பெரும்பாலும் கூடப் படிக்கிறவன்தான். அதனால் அவனை வைத்தே தடுக்கலாம் என்று 2004 முதல் 2006 வரை டெல்லியிலும் நம் சென்னையிலும் 32 பள்ளிகளில் 'மைத்ரி' என்ற திட்டத்தை நடத்திப் பார்த்தார்கள். பாதிப் பள்ளிகளில் மாணவர்களே தலைவர்களாக இருந்து வகுப்பில் பேச்சை நடத்தினார்கள். பெற்றோருக்கும் தபால் அட்டை போனது. இரண்டு வருஷத்தில் அந்தப் பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் 17 சதவீதம் குறைந்தது. திட்டம் நடக்காத பள்ளிகளில் 68 சதவீதம் கூடியது. இதைப் படித்த பிறகும் "பீடி வாங்கிட்டு வாடா" என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்பலாமா? 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் புகையிலை விற்பதே 2003-ம் வருஷச் சட்டப்படி குற்றம்.

நம் உறுப்பினர்களில் பலர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறீர்கள். அந்தக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். உப்புக் கணக்கை வீட்டுப்பாடமாகக் கொடுக்கும்படி தலைமையாசிரியரிடம் அங்கே கேளுங்கள். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் சகோதரிகள், கொடுத்த அளவை மாற்ற வேண்டாம். கண்ணளவில் போடாமல் கரண்டியால் அளந்து போட்டாலே போதும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிறவர்கள், பிரஷர் பார்க்கும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து எண்ணைக் காட்டுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வந்தது என்று ஒவ்வொருவரும் எழுதிக்கொண்டு வாருங்கள்.